காலி இடத்தில் இருந்தவர்கள்

ஆவணி பிறந்த முதல் திங்கட்கிழமை காலையில் எங்கள் துறையின் இரண்டாவது கணினிக்கூடத்தைத் திறந்தபோது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை சோப்புப் பெட்டி அளவில் மேசைமேல் கிடந்த ஹார்ட் டிஸ்க், மேசையை நசுக்கித் தரையோடு சேர்த்துவிட்டு, பீரோ உயரத்துக்கு வளர்ந்து, மின்விசிறியின் ஒரு இறக்கையைச் சுவர்ப்பக்கம் மடக்கிக்கொண்டு நின்றது. நின்றதோடு சரி, அது யாரையும் ஒன்றும் செய்யவில்லை, யாரும் அதைப் பார்த்து அலறவும் இல்லை, கூடத்து உதவியாளர் ராஜாமணி அண்ணன் வழக்கம்போலச் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போய், அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, துறைத்தலைவருக்குப் போன் போட்டு, "சார், பேக்கப் பெருசாயிட்டு" என்றார்.

"எவ்வளவு பெருசு?"

"பீரோ அளவு இருக்கும் சார்."

"வாசல் வழியா வருமா?"

"வராது சார்."

"சரி, அப்படியே கிடக்கட்டும். நான் சாப்பிட்டுட்டு வாரேன்."

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், பின்னாடி கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் என்னிடம் "அது எப்படி வளர்ந்தது?" என்றுதான் கேட்டார்களே ஒழிய, "அதற்குள் அப்படி என்ன இருந்தது?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இரண்டும் ஒரே கேள்வி இல்லை. முதல் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. குழாயைத் திறந்தால் தண்ணீருக்குப் பதில் காற்று வருகிற விடுதியில் குடியிருந்து, எழுதாத பரீட்சையில் தேர்ச்சியும் எழுதிய பரீட்சைக்கு 'ஆப்சென்ட்'டும் வாங்குகிற பல்கலைக்கழகத்தில் படிக்கிறவளுக்கு, ஒரு டிஸ்க் வளர்ந்ததில் வாயைப் பிளக்க என்ன இருக்கிறது? இரண்டாவது கேள்விக்காகத்தான் இந்தக் கதை.

பேக்கப் என்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒரு கணினி எழுந்து நடமாடத் தேவையான இயங்குதளம், அதன்மேல் ஏற்றிய மென்பொருள்கள், தமிழ் எழுத்துருக்கள், பாடங்கள் என்று எல்லாவற்றையும் இருந்தது இருந்தபடி ஒரே மூட்டையாகக் கட்டி வேறொரு டிஸ்க்கில் வைத்துக்கொள்வது. அந்த மூட்டையைச் செத்துப்போன கணினியில் அவிழ்த்தால் அது எழுந்து உட்காரும். ஆனால் எங்கள் துறைத்தலைவர் கனகசபாபதி சாருக்குப் பிரித்துப் பார்த்து எடுப்பதில் நம்பிக்கை கிடையாது. "பார்த்துப் பார்த்து எடுத்தா ஏதாவது விட்டுப்போகும், ஆய்வுக்குழு வந்து கேட்டா நான்தான் முழிக்கணும், முழுசா எடுங்க" என்பது அவருடைய நிரந்தர உத்தரவு. முழுசா என்றால் முழுசா. கோப்பு இருக்கிற இடம், இல்லாத இடம், காலியாகக் கிடக்கிற இடம் எல்லாம் சேர்த்து. வீடு மாற்றுகிறவர் சாமான்களோடு அறைக்குள் இருந்த காற்றையும் லாரியில் ஏற்றுவதுபோல, நாங்கள் வருஷா வருஷம் காலி இடத்தையும் அள்ளிக் கட்டி வைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த மூட்டை என் சிநேகிதி ஜெசிந்தாவுக்கு அவசரமாக வேண்டியிருந்தது. ஜெசிந்தா நண்டுத்திட்டுக்காரி. கரையிலிருந்து வள்ளத்தில் ஒரு மணி நேரம் போனால் வருகிற தீவு. குடிதண்ணீரே கேனில் படகேறிப் போகும் ஊர். இணையம் என்பது காற்று சாதகமாக அடிக்கிற நாளில் கோயில் மணிக்கூண்டுக்கு அடியில் கொஞ்சமாகக் கிடைக்கிற பொருள். பத்தாவது முடித்த பெண்பிள்ளைகள் அங்கே வள்ளம் ஏறிக் கரைக்கு வந்து, இறால் கம்பெனி வேனில் ஏறி, விரல் நுனி வெளுத்துச் சுருங்கித் திரும்புவார்கள். ஜெசிந்தா, பல்கலைக்கழகம் கழித்துப்போட்ட பழைய கணினிகளை எல்லார் காலையும் பிடித்து வாங்கி, தீவுக்குக் கொண்டுபோய், மீனவர் சங்கத்தின் வலைக்கொட்டகையில் வரிசையாக வைத்திருந்தாள். எல்லாம் வெறும் உடம்பு, உயிர் இல்லை. சங்கத்தலைவர் தொம்மை, அவளுடைய சொந்தத் தாய்மாமன், கறாராகச் சொல்லிவிட்டார்: புரட்டாசியில் மிக்கேல் அதிதூதர் கோயிலில் கொடி ஏறுவதற்குள் பெட்டிகளில் வெளிச்சம் வந்தால் கொட்டகை பிள்ளைகளுக்கு, வராவிட்டால் வலைகளுக்கு.

"வலை நனையுதாம்," என்றாள் ஜெசிந்தா. "அந்த ரூம் போச்சுன்னா படிப்ப முடிச்ச கையோட நானும் இறால் உரிக்கத்தான் போவணும் இசக்கி. எம் பின்னால ஏழெட்டுப் பிள்ளைய நிக்குது."

அவளுக்கு வேண்டியது உள்ளங்கையில் எடுத்துப் போகிற மூட்டை. அதுதான் இப்போது பீரோவாக நின்றது.

ஒரு வாரம் போனதும் பீரோ இல்லாத கூடத்தை யாருக்கும் ஞாபகமில்லை. ராஜாமணி அண்ணன் அதன் முதுகில் வெள்ளைப் பெயின்ட்டால் துறையின் பெயரும் உடைமை எண்ணும் எழுதினார். அது எப்போதும் வெதுவெதுப்பாக இருந்ததால் விடுதிப் பெண்கள் துப்பட்டாவை அதன்மேல் உலர்த்தினார்கள், கேன்டீன் அக்கா டீ கேனை அதன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார், மாசமாக இருந்த பூனை ஒன்று அதன் பின்னால் போய்க் குட்டி போட்டது. இயற்பியல் துறை, எடை உள்ள பொருள் எங்களுக்குத்தான் சேரும் என்று உரிமை கோரியது, தமிழ்த்துறை அதன் முன்னால் ஒரு கவியரங்கம் வைத்து மைக் கேட்டது, அரியர் வைத்திருந்த பையன்கள் பரீட்சைக்குப் போகும்முன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், அதில் ஒருவன் உண்மையிலேயே தேறிவிட்டான் என்பதால் மறுநாள் அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் ஏறின. கட்டடப் பிரிவு வந்து, இதை வெளியே எடுக்கச் சுவரை இடிக்கலாம், இடிக்க டெண்டர் விடலாம், டெண்டர் அடுத்த வருஷம் வரும் என்று அளந்து சொல்லிவிட்டுப் போனது. எல்லாரும் அதைச் சுற்றிக்கொண்டு நடக்கப் பழகினார்கள். பழகுவதில் எங்களை மிஞ்ச ஆள் இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல்.

ஜெசிந்தா மட்டும் பழகவில்லை. ஒவ்வொரு நாள் காலையும் வந்து வாசல் அகலத்தையும் பீரோ அகலத்தையும் முழம் போட்டுப் பார்த்தாள்.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். இயங்குதளம் தனக்குத்தானே சேர்த்து வைத்திருந்த தற்காலிகக் குப்பை, பழைய பதிவுகள், புதுப்பித்த பிறகும் போகாமல் உட்கார்ந்திருந்த பழைய பதிப்புகள், யாரோ 'செமினார் 3' என்ற பெயரில் ஒளித்து வைத்திருந்த சினிமாப் படங்கள் எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிட்டு மூட்டையைப் புதிதாகக் கட்டினோம். பீரோவின் தலையில் ஒரு சாண் குறைந்தது, மின்விசிறி நிமிர்ந்தது. அவ்வளவுதான். அதற்குமேல் எதை அழித்தாலும் அது அசையவில்லை.

காரணம் எளிது. கணினியில் ஒரு கோப்பை அழிப்பது என்பது வீட்டு வாசலில் உள்ள பெயர்ப்பலகையைக் கழற்றுவது மாதிரி. ஆள் உள்ளேயே இருப்பார். அந்த வீட்டில் இன்னொருவர் குடியேறும்வரை இருப்பார். நாங்கள் முழுசாக எடுத்தவர்கள் ஆயிற்றே, பெயர்ப்பலகை இல்லாத வீடுகளையும் ஆளோடு தூக்கி வந்திருந்தோம்.

"ஜீரோ அடிச்சிருங்க," என்றார் கனகசபாபதி சார். காலி இடம் முழுக்கப் பூஜ்யத்தை எழுதிவிட்டால் போதும். பூஜ்யம் எத்தனை கோடி இருந்தாலும் பாயைச் சுருட்டுவதுபோல ஒரு ஓரமாகச் சுருட்டிவிடலாம். அவர் சொன்னதில் கணக்குப்படி ஒரு தப்பும் இல்லை. ஆனால் எனக்கு ஒரு கெட்ட குணம், யாராவது "காலி" என்று சொன்னால் உள்ளே எட்டிப் பார்ப்பேன். அழிந்த கோப்புகளைத் தேடித் தருகிற நிரலை ஓட்டினேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பி வந்தபோது திரை முழுக்கப் பெயர்கள் நின்றன.

நூர்ஜஹான். செண்பகம். பிளாரன்ஸ். முத்துப்பேச்சி. இன்னும் பலர். எல்லாம் பெண்கள். எல்லாரும் எங்கள் துறையில் சேர்ந்து, பாதியில் கல்யாணமாகியோ, தகப்பனார் படுத்துவிட்டோ, "போதும் படிச்சது" என்று சொல்லப்பட்டோ நின்றுபோனவர்கள். மாற்றுச் சான்றிதழ் கொடுத்த அன்றைக்கே அந்தப் பிள்ளையின் கணக்கைக் கூடத்துக் கணினியிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நீக்கியிருந்தார்கள். பாதி எழுதிய நிரல்கள், பாதி வரைந்த படங்கள், 'நாளைக்கு இதைச் சரிசெய்யணும்' என்று தனக்குத்தானே எழுதிக்கொண்ட குறிப்புகள், எல்லாம் பெயர்ப்பலகை இல்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தன. வரவேற்பறையில் எங்கள் துறை ஒரு போர்டு மாட்டியிருக்கிறது: இடைநிற்றல் - பூஜ்யம்.

நான் துறைத்தலைவர் அறைக்குப் போனேன். ஓடினேன் என்று ஜெசிந்தா சொல்கிறாள்.

"சார், ஜீரோ அடிக்க முடியாது. அங்க ஆள் இருக்காங்க."

"காலி இடம்மா அது."

"காலின்னா எப்படி சார் பீரோ கணக்கா அடைச்சுக்கிட்டு நிக்குது?"

"இங்க பாரு இசக்கியம்மாள், டெக்னிக்கலா..."

"டெக்னிக்கலாத்தான் பேசுறேன் சார். பூஜ்யம்னு எழுதிட்டா பூஜ்யமாயிருமா? வெளியே போர்டுல எழுதியிருக்கீங்களே, ஆயிட்டா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனுஷர் இல்லை, ஆய்வுக்குழுவுக்குப் பயந்தவர். "கொடியேற்றம்னு அந்தப் பிள்ளை சொல்லுதே, அது வரைக்கும் உனக்கு நேரம். அதுக்குள்ள நீயே ஏதாவது செய். இல்லேன்னா நான் அடிப்பேன்" என்றார்.

வெற்றி என்று நினைத்துக் கூடத்துக்குத் திரும்பினால் ஜெசிந்தா எரிந்து விழுந்தாள்.

"ஏட்டி, உனக்கு நியாயம் பேச என் ரூம்தான் கிடைச்சுதா?"

"நான் என்னத்தச் சொல்லிட்டேன் இப்ப? இவ்வளவு பேரு பாதியில போயிருக்காங்க, தொடச்சு எறியச் சொல்லுதியா?"

"போனவங்களுக்காக அழு, வேண்டாம்னு சொல்லல. இனிமே போகப்போற பிள்ளைகளுக்கு யாரு அழுவா? அங்க ஒவ்வொரு வீட்டுலயும் ஒருத்தி உக்காந்து நாளை எண்ணுதா. உனக்குப் பட்டிமன்றம். எனக்குக் கொட்டகை."

திரையில் நின்ற பெயர்களை மறுபடி மேலிருந்து படித்துக்கொண்டே, "போன் போட்டுப் பாப்போம். அவங்கவங்க சாமானை அவங்கவங்க எடுத்துட்டுப் போகட்டும்" என்றேன். "போடு," என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டே.

அதற்குள் நான் ஒரு குறுக்கு வழியையும் பார்த்துவிட்டேன். எல்லாரின் கோப்புகளையும் என் பென்டிரைவில் வாங்கிவைத்துக்கொள்ளலாமே என்று, திறந்துகூடப் பார்க்காமல், முத்துப்பேச்சியின் கோப்புகளில் தொடங்கினேன். விடுதி போய்ச் சேர்வதற்குள் என் பைக்குள் பென்டிரைவ் பூசணிக்காய் அளவு வீங்கி ஜிப்பைப் பிய்த்துவிட்டது. விடுதி முழுக்கச் சிரித்தது. அழித்த பிறகுதான் அது விரல் அளவுக்கு வந்தது.

போன் போட்டோம். வகுப்புத் தோழிகள் வழியாக, தோழிகளின் கொழுந்தன்மார் வழியாக, பழைய எண்ணுக்குப் போட்டால் எடுக்கிற புது ஆட்களின் ஏச்சுப்பேச்சு வழியாக ஒவ்வொருவராகக் கிடைத்தார்கள். நான் பயந்ததுபோல யாரும் "இப்ப எதுக்கு அதெல்லாம்" என்று சொல்லவில்லை. "இன்னும் இருக்கா அது?" என்றுதான் கேட்டார்கள், எல்லாரும், ஒரே குரலில் கேட்ட மாதிரி.

நூர்ஜஹான் முதலில் வந்தார், மாமியாரையும் கூட்டிக்கொண்டு. தன் நிரல்களைத் தன் போனுக்கு மாற்றி வாங்கிக்கொண்டார். அது அவர் கையில் வீங்கவில்லை. பீரோ தோள் உயரத்துக்கு இறங்கியது. மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு கனத்தையா எம் மருமவ எழுதிட்டு வந்தா?" என்று கேட்டு, போகும்வரை மருமகளின் கைப்பையைத் தானே சுமந்தார். பிளாரன்ஸ் அக்கா, "எடுத்துட்டுப் போகவெல்லாம் முடியாது, முடிச்சிட்டுப் போறேன்" என்று ஒரு கணினி முன்னால் உட்கார்ந்து, பேருந்து நிலைய அறிவிப்புப் பலகைக்கு எழுதி நிறுத்தியிருந்த நிரலை மூன்று நாள் வந்து முடித்து, ஓடவைத்து, தானே கைதட்டிக்கொண்டு கிளம்பினார். அவருடையது கழிந்ததும் பீரோ ட்ரங்குப்பெட்டி ஆகிவிடும் போலிருந்தது.

செண்பகம் அக்கா இடுப்பில் குழந்தையோடு வந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்: "அக்கா, இது உங்க உழைப்பு, இதை அழிக்க யாருக்கும் உரிமை..."

"நிறுத்து தாயி," என்றார். "நான் எழுதுனது குப்பை. எனக்கு அப்பவே தெரியும். அழிக்கத்தான் வந்தேன்."

"அழிக்கவா?"

"பின்ன? அன்னைக்கு என்னையக் கேக்காம அழிச்சாவ. இன்னைக்கு நானே அழிக்கேன். எந்த பட்டன்?"

காட்டினேன். அவருடைய கோப்புகள் கிடந்த இடத்தில் மட்டும் பூஜ்யம் எழுதுகிற கட்டளையை நான் தட்டி வைக்க, செண்பகம் அக்கா குழந்தையின் விரலைப் பிடித்து எண்டரை அமுக்கினார். பெட்டி ஒரு முழம் உள்ளே இறங்கியது. அவர் சிரித்த சிரிப்பில் பூனைக்குட்டிகள் வெளியே ஓடின. ஒன்றைக் காப்பாற்றுவது மட்டும்தான் நியாயம் என்று அதுவரைக்கும் நினைத்திருந்தவள் நான்.

அந்த வாரத்தில் ஒரு நாள் வரவேற்பறைப் பக்கம் போனபோது போர்டு இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. கனகசபாபதி சாரிடம் கேட்டதற்கு, "கரையான் பிடிச்சிருந்தது" என்றார். தகரப் போர்டு அது.

மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்துபோனதும் கடைசியில் முத்துப்பேச்சி மட்டும் மிஞ்சினார். அவருடைய எண்ணுக்குப் போட்டால் ஒரு கோழிப்பண்ணை எடுத்தது. ஊரில் குடும்பமே இல்லை; திருப்பூர் பக்கம் போனார்கள் என்றார் ஒருவர், கேரளாவில் ரப்பர் தோட்டம் என்றார் இன்னொருவர். அவர் ஒருவரின் சாமான் மட்டும் நிறைந்து பெட்டி ட்ரங்குப்பெட்டி அளவில் நின்றது. ஆனால் வாசலைத் தாண்டியது. கொடியேற்றத்தன்று காலையில் நாலு பேர் சேர்ந்து தூக்கி ஷேர் ஆட்டோவில் வைத்து, கரைக்குக் கொண்டுபோய், வள்ளத்தில் இறக்கினோம். வள்ளக்காரர் அதை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "எதிர்ப்பக்கம் ரெண்டு பேரு உக்காருங்க, இந்தப் பிள்ள கனமா இருக்கு" என்றார். பிள்ளை என்றுதான் சொன்னார்.

தீவில் கொட்டகைக்கு வெளியே வலைகள் குவிந்து தயாராகக் கிடந்தன. தொம்மை மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவற்றுக்குப் பக்கத்தில் நின்றார். உள்ளே அந்த ஏழெட்டுப் பெண்கள் திருவிழாப் பாவாடையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"சாயங்காலம் மணி அடிச்சதும் கொடி. தெரியும்லா?" என்றார் மாமா.

"தெரியும். ஒம்ம வலையும் தெரியும்," என்றாள் ஜெசிந்தா.

பெட்டியை முதல் கணினியில் மாட்டினோம். பெட்டியின் உயிரைக் கடன் வாங்கித் திரை விழித்து, ஒரே ஒரு வரி சொன்னது: இடம் போதாது. பழைய கணினி, சின்ன வயிறு. முத்துப்பேச்சி இருக்கிற வரை மூட்டை அவிழாது.

ஜெசிந்தா கட்டளையைத் தட்டினாள். காலி இடம் முழுக்கப் பூஜ்யம். எண்டர் மட்டும் பாக்கி. என்னைத் திரும்பிப் பார்த்தாள். "தடுக்கப் போறியா?"

பெஞ்சில் இருந்த பிள்ளைகளைப் பார்த்தேன். அதில் ஒருத்தியின் விரல் நுனி ஏற்கெனவே வெளுத்திருந்தது. "இல்ல," என்றேன். அந்தச் சின்னச் சொல்லைப்போலக் கனமாக நான் எதையும் சொன்னதில்லை.

அப்போது வாசலில் நின்ற ஜெசிந்தாவின் அம்மா, "ஏளா, அழிக்கது அழி. அதுக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவ காட்டிட்டு அழி. யாரு பெத்த பிள்ளயோ" என்றார்.

திறந்தோம். முத்துப்பேச்சி தன் ஊர்க் கண்மாயைப் படம் பிடித்து வைத்திருந்தார். வாரம் தவறாமல், ஒரே மடையின் மேல் நின்று, வருஷக்கணக்கில். மழைக்குப் பிறகு கரை ததும்ப நிற்கிற கண்மாய், தாமரை மூடிய கண்மாய், மாடு குளிப்பாட்டுகிற கண்மாய், மெல்ல மெல்ல நடுவுக்கு ஒதுங்கிப் போகிற கண்மாய், வெடித்த மண். மழை நின்றால் தண்ணீர் எத்தனை நாளைக்கு நிற்கும் என்று ஊருக்கு முன்கூட்டியே சொல்கிற நிரல் ஒன்றை அதற்காக எழுதிக்கொண்டிருந்தார்.

கொட்டகைக்குள் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். வெளியே இருந்தவர்கள் உள்ளே வந்தார்கள். சுற்றிலும் கடலை வைத்துக்கொண்டு கேன் தண்ணீருக்குக் காத்திருக்கிற ஜனம், அவ்வளவு நல்ல தண்ணீரை ஒரே இடத்தில் பார்க்கத் திரையை நெருக்கிக்கொண்டு நின்றது.

"இவ்வளவும் குடிக்கிற தண்ணியா?" என்றார் ஒரு கிழவர்.

"மாட்டைக் குளிப்பாட்டுதான் பாரும் அதுல, கொழுப்பப் பாரும்," என்றார் இன்னொருவர்.

"இதையா ஜீரோ ஆக்கப் போறே?" என்றார் தொம்மை மாமா.

"வேற வழி இல்ல மாமா. மெஷின்ல இடம் இல்ல."

ஜெசிந்தாவின் அம்மா மடியில் இருந்த போனை எடுத்தார். "இதுல ஒரு சினிமாப் படம் கிடக்கு. பாத்தாச்சு. அத எடுத்துட்டு, அந்தத் தண்ணியில கொஞ்சம் இதுல ஊத்து" என்றார்.

நான் பூசணிக்காய்க் கதையைச் சொல்லி எச்சரித்தேன். அவர் காதில் வாங்கவில்லை. படத்தை அழித்து, அந்த இடத்தில் கண்மாயின் ஒரு மாதத்தை ஏற்றினோம். எல்லாரும் இரண்டடி தள்ளி நின்று போனைப் பார்த்தார்கள். போன் போனாகவே இருந்தது. பெட்டி ஒரு விரற்கடை இறங்கியது.

"எனக்கு ஏன் வீங்குச்சு?" என்றேன், பொறுக்க முடியாமல்.

"நீ திணிச்சே," என்றாள் ஜெசிந்தா. "எங்கம்மா இடம் விட்டுட்டு வாங்குதா."

அதற்குப் பிறகு அந்த மத்தியானம் நண்டுத்திட்டு தன் போன்களைக் காலி செய்தது. சண்டைப் படங்கள் போயின, பாட்டுகள் போயின, மூன்று வருஷத்துக் காலை வணக்கப் பூக்கள் மொத்தமாகப் போயின, மச்சானுக்குப் பயந்து ஒருவர் எதையோ சுவரோரம் திரும்பி நின்று அழித்தார்; நிறைந்த கண்மாய் வேண்டும் என்று வரிசையில் இடித்துக்கொண்டார்கள், "எங்களுக்கு மட்டும் ஏன் மாடு?" என்று ஒரு வீட்டார் கோபித்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தார்கள், தாமரை கிடைத்தவர்கள் அதைக் கோயில் வாசலில் வைத்து எல்லாருக்கும் காட்டினார்கள். தொம்மை மாமா ஒரு நடிகரின் படங்களை மட்டுமே வைத்திருக்கிறவர். ஒவ்வொன்றாக, முகத்தைச் சுளித்துக்கொண்டு, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு அழித்து, ததும்பி நிற்கிற ஐப்பசிக் கண்மாயை முழுசாக வாங்கிக்கொண்டார்.

கடைசிப் படமும் ஒருவர் போனுக்குப் போய்ச் சேர்ந்து, நிரலை ஜெசிந்தா தன் போனில் வாங்கிக்கொண்டபோது, பெட்டி அவள் உள்ளங்கையில் இருந்தது. அதன்பிறகுதான் அவள் எண்டரை அமுக்கினாள். இப்போது அந்த இடம் உண்மையிலேயே காலி. பூஜ்யங்கள் பாய்போலச் சுருண்டன, மூட்டை அவிழ்ந்தது, முதல் கணினி தமிழில் வணக்கம் சொன்னது, அடுத்தது சொன்னது, அதற்கடுத்தது சொன்னது. வெளியே மணி அடித்துக் கொடி ஏறிக்கொண்டிருந்தது. பெஞ்சில் இருந்த பிள்ளைகளில் ஒருத்திகூட எழுந்து போய்ப் பார்க்கவில்லை. தொம்மை மாமா குவிந்து கிடந்த வலைகளை ஆள்வைத்துத் தூக்கித் தன் வீட்டு மாடிக்குக் கொண்டுபோனார். "நனைஞ்சா காயும்" என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டுப் போனார்.

முத்துப்பேச்சி அக்கா, உங்களைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்களிடம் சொல்லட்டும். உங்கள் கண்மாய் நண்டுத்திட்டில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. வற்றி வெடித்த கோடை மாதங்களை மட்டும் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. அது என்னிடம் இருக்கிறது, பேச்சுப்போட்டிகளில் நான் பேசிய காணொளிகளை அழித்துவிட்டு அந்த இடத்தில் வைத்திருக்கிறேன், ஒரு இம்மியும் வீங்கவில்லை. உங்கள் நிரல் ஜெசிந்தாவின் கொட்டகையில் முதல் கணினியில் இருக்கிறது. பிள்ளைகள் வரி வரியாகப் படித்துவிட்டார்கள். மழை பெய்தால் என்ன என்பதை நீங்கள் எழுதி முடித்துவிட்டீர்கள். 'பெய்யாவிட்டால்' என்று அடுத்த வரியைத் தொடங்கி, அதோடு போயிருக்கிறீர்கள். எப்படி முடிக்கலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொல்லித் தினமும் அடித்துக்கொள்கிறார்கள், அதில் எனக்கும் ஒரு யோசனை உண்டு, என்னுடையதுதான் சரி. ஆனாலும் அந்த வரிக்குக் கீழே இதுவரை யாரும் கை வைக்கவில்லை. இடம் விட்டு வைத்திருக்கிறோம்.